கடைசி பெஞ்சுக் கயிறு

(ஆசிரியர் கலந்துரையாடல் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அரை மணி நேரம் உங்க பாடத்துல ஏதாவது பேசுங்க" என்று எங்கள் தலைமை ஆசிரியர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி நடத்துகிறவள். பேசப்போவதோ ரவுட்டர்களைப் பற்றி. ஆனால் இதற்குக் கணினி வேண்டாம், ஹைடெக் லேப் சாவியும் வேண்டாம். ஒரு உருண்டை சணல், பழைய வினாத்தாள்களின் பின்பக்கம், ஒரு வகுப்புப் பிள்ளைகள், இரண்டு பாடவேளை. இவ்வளவுதான் தேவை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் ரவுட்டர் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சியில் கற்றுவந்த ஒரு படத்தைக் கூடுதலாகக் கரும்பலகையில் போட்டேன். நடுவில் ஒரு வட்டம், அதற்கு ஏரியா 0 என்று பெயர். சுற்றிலும் ஏரியா 1, ஏரியா 2, ஏரியா 3. எல்லா ஏரியாவும் 0-வைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒரு ஏரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 0 வழியாகத்தான் போக வேண்டும் என்றேன். இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், 1-ம் 2-ம் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு? நேரா ஒரு கேபிள் போட்டா என்ன? ஏன் நடுவுல போய்ச் சுத்தணும்?"

எனக்குத் தெரியவில்லை. "அதுதான் விதி. அப்படியே எழுதிக்கோ" என்றேன். அவளும் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்கு விடை எப்படிக் கிடைத்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

ரவுட்டர் என்ன செய்கிறது? திசைவி என்றும் எழுதுகிறோம். பெயரிலேயே வேலை இருக்கிறது. ஒரு தகவல் துண்டு வந்தால், அதன் முகவரியைப் பார்த்து எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்யும். அதற்கு வழி தெரிந்திருக்க வேண்டும். வழி தெரிந்துகொள்ள இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று, கேள்வி ஞானம். பக்கத்து ரவுட்டர் "அந்த ஊரு என்கிட்டேயிருந்து மூணு தாவல்" என்று சொன்னால், "அப்போ எனக்கு நாலு" என்று குறித்துக்கொள்வது. அவன் எந்த வழியாக மூன்று தாவல் என்கிறான், அவனுக்கு யார் சொன்னார்கள் என்றெல்லாம் கேட்பதில்லை. ஆர்.ஐ.பி. என்ற பழைய நெறிமுறை இப்படித்தான் வேலை செய்தது. 30 விநாடிக்கு ஒருமுறை தன் பட்டியல் முழுவதையும் பக்கத்தாரிடம் சொல்லும். அதில் 15 தாவல்தான் உச்சவரம்பு. 16 என்றால் போகவே முடியாத ஊர் என்று பொருள். ஏன் இப்படி ஒரு வரம்பு வைத்தார்கள் என்பது பின்னால் தானாகப் புரியும்.

இன்னொன்று, வரைபடம். ஒவ்வொரு ரவுட்டரும் தான் நேரில் அறிந்ததை மட்டும் எழுதும்: "நான் இன்னார். என்னோடு நேராக இணைந்தவர்கள் இவர்கள். இவருக்கு இவ்வளவு செலவு." இந்தச் சீட்டு மாற்றமில்லாமல் எல்லோருக்கும் போய்ச் சேரும். எல்லோருடைய சீட்டும் எல்லோரிடமும் வந்தபின், அவரவர் தனித்தனியாக முழுப் படத்தையும் வரைந்து, தன்னிடமிருந்து குறுகிய வழியைக் கணக்கிடுவார்கள். இதற்கு இணைப்பு நிலை முறை என்று பெயர். குறுகிய வழிக்கான கணக்கு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரருடையது. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் தன் வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிய களைப்பில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, காகிதமும் பேனாவும் இல்லாமல் இருபது நிமிடத்தில் யோசித்த கணக்கு என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறுகிய வழி எது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. கணக்கு ஆசிரியர்கள் இதை எட்டாம் வகுப்பிலேயே நடத்திவிடலாம். கூட்டல் தெரிந்தால் போதும்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். முதல் நாள் எட்டு பிள்ளைகளை மட்டும் நிறுத்தினேன். ஒவ்வொருவரும் ஒரு ரவுட்டர். இடையிடையே சணலைக் கட்டினோம். சணல் இருந்தால் இணைப்பு, ஒரு சணலுக்குச் செலவு 1. ஒவ்வொருவரும் தன் பதிவு எண்ணையும் தன் கையில் உள்ள சணலின் மறுமுனையில் இருப்பவர்களின் எண்ணையும் சீட்டில் எழுதி, சணலால் இணைந்த எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். வாங்கியவர் புதுச் சீட்டாக இருந்தால் பிரதி எடுத்து மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே வந்ததாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட வேண்டும். பத்து நிமிடத்தில் எட்டு பேர் கையிலும் எட்டெட்டு சீட்டுகள். எட்டு பேரும் வரைந்த படம் ஒன்றாகவே இருந்தது. நோட்டைத் தூக்கிக் காட்டியபோது அவர்களுக்கே ஆச்சரியம்.

அடுத்த பாடவேளையில் ஆசை வந்துவிட்டது. வகுப்பில் அன்று 32 பேர். எல்லோரையும் ரவுட்டர் ஆக்கினேன். அது தவறு என்று பத்தாவது நிமிடத்தில் தெரிந்தது. எட்டு பேருக்கு மொத்தம் 64 சீட்டு. 32 பேருக்கு எவ்வளவு? ஒவ்வொருவரிடமும் 32, ஆக 1024. ஆட்கள் நான்கு மடங்குதான் ஆனார்கள், சீட்டு பதினாறு மடங்கானது. அது கையில் வைத்திருக்க வேண்டியது மட்டும். கைமாறிக் கிழிபட்டவை தனி. பாதியில் ஒரு சணல் அறுந்தது. அந்தச் சணலின் இரு முனையில் இருந்தவர்களும் புதுச் சீட்டு எழுத, அதை 32 பேரும் வாங்கிப் பிரதி எடுத்துப் படத்தைத் திருத்த வேண்டியிருந்தது. மணி அடித்துவிட்டது. தரை முழுவதும் காகிதம். அடுத்த பாடவேளைக்கு வந்த தமிழாசிரியை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் அன்றே வந்தது. சணல் அறுவதற்கு முன் எழுதிய பழைய சீட்டு ஒன்று எங்கோ சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தது. எது பழையது, எது புதியது? சீட்டின் மூலையில் வரிசை எண் போட வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பெரிய எண் உள்ளது புதியது.

இந்த இடத்தில் ஓர் உண்மைச் சம்பவம். இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், 1969-இல் அமெரிக்காவில் நான்கே முனைகளோடு தொடங்கியது. ஆரம்பத்தில் கேள்வி ஞான முறைதான். 1979-இல் வரைபட முறைக்கு மாற்றினார்கள். 1980 அக்டோபர் 27 அன்று அந்த வலை முழுவதும் பல மணி நேரம் முடங்கியது. காரணம், சீட்டின் வரிசை எண். அந்த எண்ணுக்கு ஆறு இருமக் குறிகள்தான் ஒதுக்கியிருந்தார்கள். 0 முதல் 63 வரை போய் மறுபடி 0-வுக்கு வரும், கடிகார முள் மாதிரி. வன்பொருள் பழுதால் ஒரு சீட்டின் எண்ணில் குறிகள் உதிர்ந்து, ஒரே முனையின் சீட்டு 44, 40, 8 என்று மூன்று எண்களோடு சுற்றத் தொடங்கியது. இருமத்தில் எழுதிப் பாருங்கள்: 101100, 101000, 001000. ஒவ்வொரு முறையும் ஒரு 1 உதிர்ந்திருக்கிறது. கடிகார முறைக் கணக்கில் 44 என்பது 40-ஐவிடப் புதியது, 40 என்பது 8-ஐவிடப் புதியது, 8 என்பது 44-ஐவிடப் புதியது! ஆக, மூன்று சீட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓயாமல் சுற்றின. மற்ற வேலை பார்க்க யாருக்கும் நேரமில்லை. பிற்பாடு வந்த நெறிமுறையில் எண்ணுக்கு 32 குறிகள் ஒதுக்கி, வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் மட்டும் ஏறும்படி செய்தார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் வயதும் உண்டு. 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியவரே புதுப்பிக்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆனால் செல்லாது.

அந்த நெறிமுறையின் பெயர் ஓ.எஸ்.பி.எஃப். ஜான் மோய் என்பவர் எழுதியது. முதல் வடிவம் 1989-இல் வந்தது. இன்று பரவலாகப் பயன்படும் இரண்டாம் வடிவத்தின் ஆவணம் 1998-இல் வெளியானது. நான் கரும்பலகையில் போட்ட ஏரியா படம் இதிலிருந்து வந்ததுதான்.

தரை முழுவதும் காகிதம் கிடந்த நாளுக்கு அடுத்த நாள் ஏரியாவைக் கொண்டுவந்தேன். வகுப்பில் நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு பெஞ்ச், பெஞ்சுக்கு இருவர். ஒரு வரிசை ஓர் ஏரியா. விதி என்ன? சீட்டு வரிசையைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு வரிசையின் முன் பெஞ்சிலும் ஒருவர் எல்லைக்காரர். நான்கு எல்லைக்காரர்களையும் தனியாகச் சணலால் ஒருவரோடொருவர் இணைத்தோம். அதுதான் ஏரியா 0, முதுகெலும்பு. எல்லைக்காரருக்கு இரண்டு நோட்டு: ஒன்று தன் வரிசையின் படம், இன்னொன்று முதுகெலும்பின் படம். மற்ற வரிசைகளைப் பற்றித் தன் வரிசைக்கு அவர் ஒரு சுருக்கச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுப்பார்: "அந்த வரிசைக்குப் போக வேண்டுமா, என்னிடம் கொடு. என்னிடமிருந்து செலவு 1."

சீட்டு குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை! எனக்கு முதலில் புரியவில்லை. பார்த்தால், பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது நண்பர்களோடு. பதிவு எண் 3-ம் 19-ம் 30-ம் ஒரே வரிசையில். எல்லைக்காரரால் "என் வரிசை" என்று ஒரே வரியில் சொல்ல முடியவில்லை. "3 என்னிடம், 19 என்னிடம், 30 என்னிடம்" என்று எட்டு வரி எழுதினார். நான்கு பேரும் இப்படி எழுதினால் சுருக்கம் எங்கே இருக்கும்? பிறகு எல்லோரையும் பதிவு எண்படி மாற்றி உட்காரவைத்தேன். முதல் வரிசை 1 முதல் 8 வரை, இரண்டாவது 9 முதல் 16 வரை, இப்படி. இப்போது "1 முதல் 8 வரை என்னிடம்" என்ற ஒரே வரி போதும். கையில் தன் வரிசையின் 8 சீட்டு, மற்ற மூன்று வரிசைகளுக்கு மூன்று சுருக்கம், ஆக 11. நேற்று 32 இருந்த இடத்தில் இன்று 11. நான்காம் வரிசையில் ஒரு சணல் அறுந்தபோது அந்த எட்டு பேர்தான் படத்தைத் திருத்தினார்கள். மற்ற வரிசைகளுக்குச் செய்தியே போகவில்லை. ஏரியா பிரிப்பதும் முகவரியை ஒழுங்காகக் கொடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்று அன்றுதான் எனக்கே உறைத்தது.

தொடக்க நிலை ஆசிரியர்கள் இதை அஞ்சல் குறியீட்டெண்ணில் காட்டலாம். 1972 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் அறிமுகமானது பின்கோடு. 6-இல் தொடங்கினால் தமிழ்நாடும் கேரளமும் உள்ள மண்டலம். முதல் மூன்று இலக்கத்தில் பிரிப்பு மாவட்டம் தெரிந்துவிடும், கடைசி மூன்றில் அஞ்சல் நிலையம். தில்லியில் கடிதம் பிரிப்பவருக்கு நம் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முதல் இலக்கம் 6 என்றால் தெற்கே போகும் பையில் போட்டால் போதும். இங்கே வந்தபின் நம் தபால்காரருக்கு எந்தத் தெருவில் எந்த வீடு என்று தெரியும், நாய் இருக்கிற வீடு எது என்பதுகூடத் தெரியும். ஆனால் இந்த எண்கள் ஊருக்கு ஊர் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டிருந்தால் இது நடக்குமா?

இப்போது கதைக்கு வருகிறேன். மூன்றாம் வரிசையின் கடைசி பெஞ்சில் பதிவு எண் 23. சேட்டைக்காரன், ஆனால் மூளைக்காரன். பக்கத்து வரிசையின் கடைசி பெஞ்சில் இருக்கும் 15-க்கு ஒரு சணலை நீட்டிக் கட்டிவிட்டு, "டீச்சர், நானும் எல்லை. 15-கிட்ட கேட்டு எங்க வரிசைக்குச் சொல்லப் போறேன். இங்கேயிருந்து முன்னாடி போய்ச் சுத்தணுமா?" என்றான்.

சில வருடங்களுக்கு முன் அந்த மாணவி கேட்ட அதே கேள்வி. இந்த முறை "விதி" என்று சொல்ல வாய் வரவில்லை. "சரி, கட்டு. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்றேன்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே ஓடியது. பிறகு முதல் வரிசையின் எல்லைக்காரியான பதிவு எண் 1-ஐ, கரண்ட் போய்விட்டது, உட்கார் என்றேன். அவள் உட்கார்ந்ததும் முதல் வரிசைக்கு வழியே கிடையாது. மற்ற எல்லோரும் "முதல் வரிசைக்குப் போக முடியாது" என்று முடிவுக்கு வந்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இரண்டாம் வரிசையின் எல்லை 9, மூன்றாம் வரிசையின் எல்லை 17.

17-க்கு நேர்வழி போய்விட்டது. ஆனால் தன் வரிசையில் 23 முன்பே எழுதிய சுருக்கச் சீட்டு இருக்கிறதே: "முதல் வரிசைக்கு என் வழியாகச் செலவு 5." அது எப்படி வந்தது? 23-இலிருந்து 15-க்கு ஒரு சணல், 15-இலிருந்து முன் பெஞ்ச் 9 வரை மூன்று, 9-இலிருந்து 1-க்கு ஒன்று. அந்தக் கடைசிச் சணல்தான் இப்போது இல்லை! ஆனால் சுருக்கத்தில் அந்த விவரம் கிடையாது, 5 என்ற எண் மட்டும்தான் இருக்கிறது. 17 கணக்குப் போட்டாள்: "23 வரை எனக்கு மூன்று, அதற்குமேல் 5. எட்டு." உடனே முதுகெலும்பில் அறிவித்தாள்: "முதல் வரிசைக்கு என்னிடம் வழி இருக்கிறது, செலவு 8."

9-க்கு மகிழ்ச்சி. "17 வழியாக வழி இருக்கு, எனக்கு 9" என்று தன் வரிசைக்குச் சொன்னான். அது கடைசி பெஞ்ச் 15-க்குப் போய், அங்கிருந்து 23-க்குப் போனது. 23 தன் சீட்டைத் திருத்தினான்: 13. 17 மறுபடி கணக்கிட்டாள்: 16. அதைக் கேட்ட 9 திருத்தினான், 15 திருத்தினான், 23 திருத்தினான். 17-க்கு 24. பிறகு 32.

8, 16, 24, 32 என்று 17 உரக்கச் சொல்லச் சொல்ல, வகுப்பே எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தொடங்கிவிட்டது. இல்லாத ஊருக்கு வழி சொல்கிறார்கள், அதுவும் ஒருவரை ஒருவர் நம்பி. இதற்கிடையே முதல் வரிசைக்கு என்று நான் கொடுத்த கடிதம் இந்த வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆர்.ஐ.பி.-யில் 16 என்றால் நிறுத்து என்று ஏன் வைத்தார்கள் என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் வாய்ப்பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, "எங்கே தப்பு நடந்தது?" என்று கேட்டேன். யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கும் யாரும் தவறாகப் போடவில்லை. சற்று நேரம் அமைதி. பிறகு 17-தான் சொன்னாள்: "டீச்சர், நான் 9-கிட்ட சொன்னதுதான் சுத்திச் சுத்தி எனக்கே வருது. ஆனா அது நான் சொன்னதுன்னு எனக்குத் தெரியல."

இதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. வரிசைக்குள்ளே எல்லோரிடமும் முழுப் படம் இருக்கிறது, அங்கே வதந்திக்கு இடமில்லை. ஆனால் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே நாம் படத்தைக் கொடுப்பதில்லை, சுருக்கத்தைக் கொடுக்கிறோம். அதாவது அங்கே மறுபடியும் கேள்வி ஞானத்துக்கே வந்துவிட்டோம். கேள்வி ஞானம் தானே சொன்னதைத் தானே நம்பாமல் இருக்க வேண்டுமானால், அது வட்டமாகத் திரும்பி வர வழியே இருக்கக் கூடாது. அதற்காகத்தான் ஏரியா 0. சுருக்கம் ஏரியாவிலிருந்து முதுகெலும்புக்கு ஏறும், முதுகெலும்பிலிருந்து மற்ற ஏரியாக்களுக்கு இறங்கும். இறங்கியது மறுபடி ஏறக் கூடாது. முதுகெலும்பைத் தொட்டிருக்கும் எல்லை ரவுட்டர், மற்ற ஏரியாக்களின் சுருக்கத்தை முதுகெலும்பிலிருந்து மட்டும்தான் கேட்க வேண்டும். தன் ஏரியாவுக்குள்ளிருந்து யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்த விதியை 17-க்குக் கொடுத்து மறுபடி ஆடினோம். 1 உட்கார்ந்தாள். 17 முதுகெலும்பைப் பார்த்தாள், அங்கே யாரிடமும் வழி இல்லை. "முதல் வரிசைக்குப் போக முடியாது" என்றாள். ஒரே சுற்றில் முடிந்தது.

23 விடவில்லை. "அப்போ 15 என் கை எட்டுற தூரத்துல இருக்கான். அவன்கிட்ட போக முன்னாடி வரைக்கும் மூணு, குறுக்கே ஒண்ணு, மறுபடி பின்னாடி மூணு, மொத்தம் ஏழா?" ஆமாம், ஏழுதான். இதை மறைக்கக் கூடாது. 11 சீட்டோடு நிம்மதியாக இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. கிளைன்ராக், கமூன் என்ற இருவர் 1977-லேயே இந்தப் பேரத்தைக் கணக்காக எழுதிவிட்டார்கள்: வலையைப் படிப்படியாகப் பிரித்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும், வழி கொஞ்சம் நீளும். அந்தச் சணல் உண்மையிலேயே அவசியம் என்றால் இரண்டு வரிசையையும் ஒரே ஏரியாவாக ஆக்கிவிட வேண்டும். எங்கே கோடு போடுவது என்பதுதான் வலையமைப்பவரின் திறமை. யார் யாரோடு அதிகம் பேசுகிறார்கள் என்று பார்க்காமல் போட்ட கோடு நிற்காது. எட்டே எட்டு ரவுட்டர் உள்ள அலுவலகத்தில் போய் நான்கு ஏரியா பிரிப்பதும் வீண் வேலை. எங்கள் முதல் நாள் ஆட்டத்தில் எட்டு பேருக்கு ஏரியா தேவைப்படவேயில்லை, நினைவிருக்கிறதா?

பிள்ளைகள் தாங்களாகவே ஒரு நிலை மேலே போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான்காம் வரிசைக்கு வெளியே போக ஒரே வழி 25 மட்டும்தான். "எங்களுக்கு எதுக்கு மூணு சுருக்கம்? தெரியாததெல்லாம் 25-கிட்ட கொடுன்னு ஒரே சீட்டு போதாதா?" என்று கேட்டார்கள். ஓ.எஸ்.பி.எஃப்.-இல் இதற்கும் ஏற்பாடு உண்டு, ஸ்டப் ஏரியா என்று பெயர். வெளி உலகத்து முகவரிகளை உள்ளே சொல்லாமல், பொதுவழி ஒன்றை மட்டும் காட்டுவது. எங்கள் பிள்ளைகள் கேட்டதுபோல எல்லாச் சுருக்கத்தையும் விட்டுவிடும் வகையும் இருக்கிறது. அந்தப் பெயரை நான் கடைசியில்தான் கரும்பலகையில் எழுதினேன்.

அன்று மாலையே அந்தப் பழைய மாணவியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். டிப்ளமோ முடித்து ஒரு நிறுவனத்தில் வலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறாள். "நீ அன்னைக்குக் கேட்ட கேள்விக்கு இப்பதான் பதில் தெரிஞ்சதும்மா" என்று எட்டாம் வாய்ப்பாட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு சொன்னாள்: "டீச்சர், அதை நான் வேலையில கத்துக்கிட்டேன். ரெண்டு கிளைக்கு நடுவுல அவசரத்துக்கு இருக்கட்டும்னு ஒரு கேபிள் போட்டு வச்சோம். ரெண்டும் வேற வேற ஏரியா. ஒரு நாள் ராத்திரி ஒரு கிளையோட மெயின் லைன் போயிடுச்சு. கேபிள் நல்லா இருக்கு, லைட்டு எரியுது, பக்கத்துக் கிளையிலேயிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போகுது. ஆனா இந்தக் கிளைக்கு மட்டும் வழி வரல. விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். 0-வைத் தொடாத ரவுட்டர் அந்தச் சுருக்கத்தை இந்தப் பக்கம் தூக்கிக் கொடுக்காதுன்னு அப்பதான் புரிஞ்சது." பிறகு அந்தக் கேபிள் வழியாக ஏரியா 0-வையே நீட்டுவதுபோல ஒரு மெய்நிகர் இணைப்பு அமைத்துச் சரிசெய்தார்களாம். அப்படி ஓர் ஏற்பாடு நெறிமுறையிலேயே இருக்கிறது.

நான் அன்று "தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும். அதை அவள் சொல்லவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால் சில நடைமுறைக் குறிப்புகள். சணலுக்குப் பதில் நைலான் கயிறு வேண்டாம், முடிச்சு நிற்காது. சீட்டில் பெயர் எழுதவிடாதீர்கள், பதிவு எண் மட்டும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏரியாச் சுருக்கம் செய்ய முடியாது. தொடக்கப் பள்ளியில் செலவுக் கணக்கை விட்டுவிட்டு, கடிதம் கைமாற்றும் ஆட்டமாக மட்டும் ஆடலாம். "இது என் வரிசையா, வேறு வரிசையா?" என்ற ஒரு கேள்வி போதும். ஆறு, ஏழாம் வகுப்பில் வரைபடமும் குறுகிய வழியும் சேர்க்கலாம். கடைசி பெஞ்சுக் கயிற்றை மட்டும் நீங்களாக முதலில் கட்டிவிடாதீர்கள். யாராவது ஒருவன் கட்டுவான்.

இப்போது எங்கள் வகுப்பில் தீராமல் நிற்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. முதுகெலும்பே இரண்டாக அறுந்தால்? 1-ம் 9-ம் ஒரு பக்கம், 17-ம் 25-ம் மறுபக்கம் என்று ஆகிவிட்டால்? போன வாரம் 23 அதைத்தான் கேட்டான். வருகிற வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கயிறு கட்டிப் பார்க்கப்போகிறோம். தமிழாசிரியையிடம் முன்னதாகவே சொல்லி வைத்திருக்கிறேன்.